அம்பும் விரலும்: காவியத்திலும் வீடியோ கேமிலும் அறம்

வன்முறை மிகுந்த வீடியோ கேம்களை 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக்கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜூனில், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்காலியா சாட்சிக்கு ஹோமரை அழைத்தார். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் கண்ணில் ஒடிசியஸ் காய்ச்சிய கழியைச் செருகிக் குருடாக்கும் இடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகவே படிக்கிறார்களே என்பது அவருடைய வாதம். தாந்தேயின் நரகமும் கிரிம் சகோதரர்களின் கதைகளும் அதே வரிசையில் வந்தன. ஆடுபவரே கதைக்குள் கை வைக்கிறாரே என்ற மறுப்பையும் அவர் ஏற்கவில்லை. வாசகரே முடிவெடுக்கும் கதைப் புத்தகங்கள் 1969 முதல் இருக்கின்றன என்றார். தீர்ப்பின் முடிவை ஏற்றுக்கொண்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ, அதன் காரணத்தை ஏற்கவில்லை. ஒரு கொலையைப் புத்தகத்தில் படிப்பதும் திரையில் அதைத் தானே செய்வதும் ஒரே அனுபவம்தானா என்று தனியாக எழுதினார்.

அலிட்டோவின் ஐயம்தான் சரியான இடத்தைத் தொடுகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் தடை பற்றிய சண்டையாகவே போய்விட்டது. 1976இல் 'டெத் ரேஸ்' என்ற ஆர்கேட் விளையாட்டுக்கு எழுந்த எதிர்ப்பு, 'மார்ட்டல் காம்பாட்' போன்றவற்றை முன்வைத்து 1993இல் அமெரிக்கச் செனட் நடத்திய விசாரணை, அதன் பிறகு வந்த வயதுத் தரக்குறியீடு எல்லாமே 'பிள்ளைகள் கெட்டுப்போவார்களா' என்ற ஒரே கவலையைச் சுற்றியவை. ஹோமரின் பாடல்களைத் தன் இலட்சிய நகரத்துக்குள் அப்படியே விட பிளேட்டோ மறுத்ததும் இதே கவலையால்தான். 2019இல் ப்ரிஜ்பில்ஸ்கி, வைன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் சுமார் ஆயிரம் பதின்வயதினரை ஆராய்ந்து, வன்முறை விளையாட்டுக்கும் அவர்களுடைய முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை என்று வெளியிட்டார்கள். அந்த விவாதம் அதன் போக்கில் நடக்கட்டும். இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. ஒரு கதை ஒரு தவறைக் காட்டும்போது, அந்தத் தவறின் பாரம் யார் தலையில் இறங்குகிறது?

கம்பனின் கிட்கிந்தா காண்டத்திலிருந்து தொடங்கலாம். மறைந்து நின்று எய்த அம்பு வாலியின் மார்பில் தைக்கிறது. அவன் அதைக் கையால் பற்றி, வலிந்து பறித்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். இராமன் என்றிருக்கிறது. பிறகு கேள்விகள் வருகின்றன. தம்பி மனைவியைக் கவர்ந்தது, தம்பியைக் கொல்லத் துரத்தியது என்று வாலியின் குற்றங்களை இராமன் எடுத்துச் சொல்கிறான். ஆனால் 'ஏன் மறைந்து நின்றாய்' என்ற கேள்விக்கு மட்டும் விடை இராமனின் வாயிலிருந்து வருவதில்லை. இலக்குவன் சொல்கிறான்: எதிரே வந்திருந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்திருப்பாய், முதலில் உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? விடை சாமர்த்தியமானது. அதைச் சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்காத கம்பராமாயண வாசகர் இல்லை. கம்பன் விட்டுவைத்த அந்த இடைவெளியில்தான் தமிழ்நாடு இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும் அதன் வழியில் வந்த மேடைகளும் வாலி வதையை விட்டதே இல்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர் அந்த அம்பைத் தடுக்க முடியாது. அது நாம் பிறப்பதற்கு முன்பே எய்யப்பட்டுவிட்டது. அதனால்தான் நாம் சாட்சியாகிறோம். சாட்சிக்குக் குற்றம் கிடையாது, ஆனால் நிம்மதியும் கிடையாது. இந்த நிம்மதியின்மையைப் பெரிய காவியங்கள் வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. வர்ஜிலின் 'ஈனியட்' காவியம் முடியும் இடம் நினைவுக்கு வருகிறது. எதிரி டர்னஸ் காயம்பட்டு விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். நாயகன் ஈனியஸின் கை ஒரு கணம் தயங்குகிறது. பிறகு சினம் மூள, வாளை இறக்குகிறான். காவியம் அங்கேயே நின்றுவிடுகிறது. வெற்றி விழாவோ ரோமின் பெருமையோ அதற்குப் பிறகு வருவதில்லை. கிமு 19இல் கவிஞர் இறந்தபோது காவியம் இன்னும் செப்பம் பெறவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவு தற்செயலானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ஒடிசி'யிலும் இப்படி ஓர் இடம் உண்டு. வீடு திரும்பிய ஒடிசியஸ், பெனலோபியை மணக்க வந்து வீட்டைச் சூறையாடியவர்களைக் கொன்றதோடு நிற்பதில்லை. அவர்களோடு கூடிய பன்னிரண்டு பணிப்பெண்களைத் தூக்கிலிடுகிறார்கள். அவர்களுடைய கால்கள் சற்று நேரம் துடித்து அடங்குவதைக் கவிஞர் சொல்லாமல் விடுவதில்லை. நாயகன் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடத்தில் மூச்சு நிற்கும்.

காவியத்துக்குள் கணக்குத் தீர்த்தல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மகாபாரதத்தில் தருமனின் தேர் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே ஓடும். துரோணரைக் கொல்வதற்காக அசுவத்தாமன் இறந்தான் என்று அரைப்பொய் சொன்னதும் தேர் தரையைத் தொடுகிறது. கடைசியில் சொர்க்கம் போனபோது, துரியோதனன் அங்கே சிம்மாசனத்தில் இருப்பதையும் தன் தம்பியரும் திரௌபதியும் நரகத்தில் இருப்பதையும் தருமன் காண்கிறான். அது பிறகு மறையும் தோற்றம்தான். நீ துரோணரை ஏமாற்றினாய், அதனால் உனக்கும் நரகம் ஏமாற்றாகக் காட்டப்பட்டது என்று இந்திரன் சொல்கிறான். கணக்கு வந்துவிட்டது. ஆனால் அதைப் பார்த்து யாரும் அமைதி அடைவதில்லை. நல்லவனுக்கு நரகமும் கெட்டவனுக்கு வீர சொர்க்கமும் தெரிந்த அந்த நேரம், கேட்பவர் மனத்திலிருந்து அழிவதில்லை.

இந்தக் காவியங்கள் எழுத்தில் உறைந்தவை, விளையாட்டுகளோ ஒவ்வொரு முறையும் மாறுபவை என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்களின் வீரகாவியங்களைப் பதிவுசெய்தார். ஒவ்வொரு முறை பாடும்போதும் பாடகர் கதையைப் புதிதாகக் கட்டுகிறார், அதற்குப் பயிற்சியால் வந்த சொற்றொடர்களைக் கருவியாக்குகிறார் என்பது அவரும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் கண்டது. லார்டின் நூல் 1960இல் வந்தது. அந்த வெளிச்சத்தில் சங்கப் பாடல்களை ஆராய்ந்து பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் தம் நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் செவ்வியல் அறிஞர் ரோஜர் டிராவிஸ், வீடியோ கேம் ஆடுபவரை ஹோமரின் பாடகரோடு ஒப்பிட்டார். இருவரும் ஒரு வரையறைக்குள் நின்று ஒவ்வொரு முறையும் ஒரு நிகழ்த்துதலை உண்டாக்குகிறார்கள் என்பது அவர் கருத்து. இது நல்ல ஒப்பீடு. ஆனாலும் பாடகருக்குக் கிடைத்த சுதந்திரம் எப்படிச் சொல்வது என்பதில்தான் இருந்தது. 'இலியட்' காவியத்தில் சாகும் ஹெக்டரைப் பிழைக்கவைக்க அவருக்கு உரிமை இல்லை.

நம் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூத்தாடுபவர் பாட்டை நீட்டலாம், வசனத்தில் ஊர்ச்செய்தியைக் கலக்கலாம். கட்டியக்காரன் அரசனையே கேலி செய்து கேள்வி கேட்கலாம். ஆனால் கடைசி நாள் காலை, மண்ணால் படுத்த கோலத்தில் அமைத்த துரியோதனனின் தொடையில் பீமன் அடித்தே ஆக வேண்டும், திரௌபதி கூந்தல் முடித்தே ஆக வேண்டும். இடுப்புக்குக் கீழே அடிப்பது கதைப்போரின் விதிக்கு எதிரானது என்பது அங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். எதிரியின் சாவுக்கு ஒப்பாரி வைக்கும் ஊர்களும் உண்டு. நீதி கிடைத்த அதே நாளில் அந்த நீதியின் கறையையும் ஊரே சேர்ந்து பார்க்கிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். அறம் சொல்லும் விளையாட்டு நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீக்குணங்கள். ஆனால் அங்கே நல்லது செய்து யாரும் ஏணி ஏறுவதில்லை. தாயம் எப்படி விழுகிறதோ அப்படித்தான் ஏற்றமும் இறக்கமும். பரமபதம் அறத்தின் வரைபடத்தைக் கொடுக்கிறது, ஆடுபவரிடம் ஒரு முடிவையும் கேட்பதில்லை.

அந்த முடிவைக் கேட்ட முன்னோடிகளில் முக்கியமானது 1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4'. இதற்கு முந்தைய தன் விளையாட்டுகளில் ஆடுபவர்கள் ஊர்மக்களைக் கொன்றும் கடைகளில் திருடியும் வென்றுவிடுகிறார்கள் என்பது அவரை உறுத்தியது. அதனால் இதில் வெல்ல வேண்டிய பெரிய வில்லன் யாருமே இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி 'அவதார்' ஆவதுதான் இலக்கு. அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. இதில் ஓர் இடம் என்னை மிகவும் கவர்ந்தது. மந்திர மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையை அவள் சொல்வாள், எத்தனை காசு வைக்கிறோம் என்பதை நாம் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே ஒரு காசு வைத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். யாரும் பிடிக்க மாட்டார்கள், எச்சரிக்கையும் வராது. நெடுநேரம் கழித்து, நேர்மையில் தேறவில்லை என்று தெரியவரும்போதுதான் அந்த மூலிகைக் கடை நினைவுக்கு வரும். 1988இல் வந்த ஐந்தாம் பாகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதே எட்டுக் குணங்களை ஒரு கொடுங்கோலன் சட்டமாக்கிவிடுகிறான்; பொய் சொன்னால் நாக்கை இழக்க வேண்டும். நற்குணத்தைக் கட்டாயமாக்கினால் அது என்ன ஆகும் என்று ஒரு கணினி விளையாட்டு அப்போதே கேட்டிருக்கிறது.

இந்தத் தொடக்கத்திலிருந்து பெருவணிகக் கேம்கள் கற்றுக்கொண்டது கேள்வியை அல்ல, மதிப்பெண்ணைத்தான் என்பது என் வருத்தம். 'பயோஷாக்' (2007) பெரிதாகக் கொண்டாடப்பட்ட விளையாட்டு. கடலடி நகரம் ஒன்றில் சிறுமிகளின் உடலுக்குள் 'ஆடம்' என்ற சத்து இருக்கிறது. சிறுமியைக் கொன்று எடுத்தால் 160 கிடைக்கும், காப்பாற்றினால் 80 மட்டும். இது வரை சரி, நன்மைக்கு ஒரு விலை இருக்கிறது. ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றினால் பரிசுப்பெட்டியில் 200 வந்துவிடுகிறது. மூவரைக் கொன்றவருக்கு 480, காப்பாற்றியவருக்கு 440. மேலே வேறு பரிசுகளும் உண்டு. நல்லவராக இருப்பதற்கு ஆன செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதே ஆண்டு தொடங்கிய 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் நல்ல பதில்களுக்கு நீலப்புள்ளி, முரட்டுப் பதில்களுக்குச் சிவப்புப்புள்ளி. ஒரு பக்கத்திலேயே புள்ளிகளைக் குவித்தால்தான் பிறகு சில வழிகள் திறக்கும். அதனால் ஆடுபவர் எதிரே நிற்கும் மனிதரைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்குகிறார். ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நல்ல பக்கத்தையே எடுத்தார்கள் என்று அதில் பணியாற்றிய ஒருவர் 2020இல் சொன்னார். மனிதர்கள் நல்லவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. வாலியின் கேள்விக்கு இராமன் எந்த நிறத்தில் பதில் சொல்லியிருப்பான்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விளையாட்டில் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி ஆடலாம். கொன்றது பிடிக்கவில்லையென்றால், சேமித்து வைத்த இடத்திலிருந்து தொடங்கிக் கொல்லாமல் விடலாம். மீளாமைதான் காவியத் துயரத்தின் வேர். அதை எடுத்துவிட்டால் தவறு வெறும் ஒத்திகையாகிவிடும். டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' இதை நேரடியாகத் தொட்டது. தொடக்கத்தில் தாய்போல நம்மைக் கவனித்துக்கொள்ளும் டொரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் திரும்பிப்போய் அவளைப் பிழைக்கவைத்தால், அடுத்து வரும் பாத்திரம் ஒன்று நாம் முன்பு செய்தது தனக்குத் தெரியும் என்று சொல்கிறது. வாய்ப்பு திரும்பக் கிடைத்தாலும் செய்த செயல் இல்லாமல் போவதில்லை. விளையாட்டின் சொந்த இயந்திரத்துக்குள்ளிருந்தே எழுந்த அறம் இது. வேறு எந்தக் கலையிலிருந்தும் கடன் வாங்கியதல்ல.

அப்படி இன்னொன்று லூகாஸ் போப்பின் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013). கத்தி, துப்பாக்கி வீரம் எதுவும் பெரிதாக இல்லை. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நாம் கடவுச்சீட்டு பார்க்கும் அலுவலர். வரிசையில் வருபவரின் காகிதங்களை மேசையில் பரப்பி, தேதி, ஊர், முத்திரை, படம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பச்சையோ சிவப்போ முத்திரை குத்த வேண்டும். ஒரு முறை ஒருவர் வருகிறார். காகிதங்கள் சரியாக இருக்கின்றன. அடுத்து நிற்பது என் மனைவி, தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனைவி வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் தவறு என்று சீட்டு அச்சாகி வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும். மூன்றாவதுக்கு அபராதம், ஒருவரைச் சோதித்தால் கிடைக்கும் கூலி அளவுக்கு. வேலை முடிந்ததும் அன்றைய கணக்கு திரையில் வரும்: வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு, நோயாளி மகனுக்கு மருந்து. எண்கள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் இவை நம் நற்குணத்தை அளக்கும் எண்கள் அல்ல. இரக்கத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையை அவை சொல்கின்றன. இரண்டு எச்சரிக்கைகள் இலவசம் என்பதால், இன்றைக்கு இரண்டு பேருக்கு மட்டும் இரக்கப்படலாம் என்று கணக்குப் போடத் தொடங்குவோம். ஒரு நல்ல மனிதர் எப்படி அரசு இயந்திரத்தின் பல்சக்கரம் ஆகிறார் என்பதை எந்தக் காவியமும் இவ்வளவு நெருக்கமாக எனக்குக் காட்டியதில்லை. அதற்குக் காரணம் முத்திரை என் கையில் இருந்ததுதான்.

உருகுவேயின் கொன்சாலோ ஃப்ராஸ்கா 2003இல் செய்த 'செப்டம்பர் 12' இன்னும் சிறியது. ஒரு மேற்காசிய நகரம், தெருவில் பொதுமக்கள், நடுநடுவே பயங்கரவாதிகள். நமக்கு ஏவுகணை கொடுத்திருக்கிறார்கள். ஏவினால் குறி வைத்தவரோடு பக்கத்தில் நின்றவர்களும் சாவார்கள். பிணத்தைச் சுற்றி அழுபவர்கள் எழுந்திருக்கும்போது பயங்கரவாதிகளாக மாறியிருப்பார்கள். வெல்ல வழி கிடையாது. ஏவாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

சில விளையாட்டுகள் தேர்வைப் பறித்துக்கொண்டு காவியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஃபுமிட்டோ உவேதாவின் 'ஷாடோ ஆஃப் தி கொலோசஸ்' (2005) அவற்றில் தலையாயது. இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் பதினாறு மாபெரும் உயிர்களைக் கொல்ல வேண்டும். சில உயிர்கள் நாம் போய்ச் சீண்டும்வரை தம்பாட்டுக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் விழும்போது வெற்றி முழக்கம் எழுவதில்லை, துயர இசை ஒலிக்கிறது. கொல்லக் கொல்ல அவன் உடல் கறுத்துக்கொண்டே போகிறது. ஆட்டத்தை நிறுத்துவதைத் தவிர மறுக்க வேறு வழி இல்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) முடியும் இடத்திலும் இதேதான். எல்லி என்ற சிறுமியைக் காப்பாற்ற ஜோயல் ஒரு மருத்துவரைக் கொல்வதை நாமே அழுத்திச் செய்ய வேண்டியிருக்கிறது. 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மருத்துவரின் மகள் ஜோயலைக் கொல்கிறாள். பிற்பாடு ஆட்டத்தின் ஏறத்தாழ பாதியை அவளாகவே ஆட வைக்கிறார்கள். பலர் கொதித்துப்போனார்கள். எனக்கு அங்கே 'இலியட்' காவியத்தின் இருபத்து நான்காம் பகுதி தெரிந்தது. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு முதியவர் பிரியாம் இரவில் அகிலீஸின் கூடாரத்துக்குப் போய், தன் மக்களைக் கொன்ற கைகளையே முத்தமிடும் இடம் அது. இருவரும் தத்தம் இழப்பை நினைத்து ஒன்றாக அழுகிறார்கள்.

எதிரியின் துக்கத்துக்கு இடம் கொடுப்பதில்தான் விளையாட்டுகள் இன்னும் காவியங்களை எட்டவில்லை என்று கருதுகிறேன். காந்தாரி போர்க்களத்தில் பிணம் பிணமாகப் பார்த்துப் புலம்புகிறாள். இராவணன் உடல்மேல் விழுந்து மண்டோதரி அழுகிறாள். ஆயிரம் பேரை வீழ்த்தி முன்னேறும் ஒரு விளையாட்டில் அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்காவது அழ யாராவது வருகிறார்களா? 2014இல் வார்சாவின் 11 பிட் ஸ்டுடியோஸ் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' ஒரு விதிவிலக்கு. சரயேவோ முற்றுகையை மனத்தில் வைத்துச் செய்தது. பசியில் ஒரு முதிய தம்பதியின் வீட்டில் புகுந்து மருந்தையும் உணவையும் எடுக்கலாம், அவர்கள் தடுக்க மாட்டார்கள். பிறகு நம் ஆட்கள் சோர்ந்து, சாப்பிட மனமில்லாமல் கிடப்பார்கள். 2020இல் போலந்து அரசு இதை மேல்நிலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஒரு விளையாட்டு பாடத்துக்கு வந்தது என்பதைவிட, வகுப்பில் பலர் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காவியம் கூட்டத்தில் கேட்கப்பட்டது. அதன் அறம் முழுமையடைந்தது கேட்டவர்களின் வாதத்தில். தனியறையில் ஆடுபவருக்குக் கட்டியக்காரன் இல்லை, பட்டிமன்றமும் இல்லை.

நம் காவியங்களை விளையாட்டாக்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி' புராண உலகில் ஒரு சிறுமியின் போரைச் சொல்கிறது, பார்க்க மிக அழகு. ஆனால் யாரேனும் மகாபாரதத்தை எடுத்தால் பெரும்பாலும் குருக்ஷேத்திரத்துக்குத்தான் ஓடுவார்கள் என்று அஞ்சுகிறேன். அந்தக் காவியத்தின் நடுவில் ஏற்கெனவே ஒரு விளையாட்டு இருக்கிறது. சூதில் தன்னையே தோற்ற பிறகு தருமன் திரௌபதியைப் பணயம் வைக்கிறான். தன்னை இழந்தவனுக்கு என்னை வைக்க உரிமை ஏது என்று அவள் சபையைக் கேட்கிறாள். ஆட்டத்தின் விதியைப் பற்றிய கேள்வி அது. கேட்ட மாத்திரத்தில் அந்தச் சபையின் அறத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. பீஷ்மரால் விடை சொல்ல முடியவில்லை. பாரதி 'பாஞ்சாலி சபத'த்தில் மீண்டும் எடுத்துக் கையாண்டதும் இந்தச் சபையைத்தான்.

என்னைக் கேட்டால் விளையாட்டு அங்கே நடக்க வேண்டும். ஆடுபவர் வில்லாளியாக வேண்டாம், அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவராக இருக்கட்டும். சோறு போட்ட அரசன், வயது, பதவி, பக்கத்தில் இருப்பவர்களின் பார்வை எல்லாம் அவர் வாயைக் கட்டட்டும். பேசலாமா வேண்டாமா என்பது மட்டும் அவர் கையில் இருக்கட்டும். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் எழுந்து திரௌபதியின் பக்கம் பேசினான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். அவன் பேசியதால் துச்சாதனனின் கை நிற்கவில்லை. ஆண்டுகள் கழித்து நடந்த போரில், நூறு பேரையும் கொல்வதாகச் சபதம் செய்திருந்த பீமன் அவனையும் கொன்றான். கொன்றுவிட்டு அவனுக்காக வருந்தினான். விகர்ணன் பேசியதற்கு எந்தப் புள்ளியும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை அப்படியே, பரிசு எதுவும் சேர்க்காமல், ஆடுபவர் கையில் கொடுக்கத் துணியும் வடிவமைப்பாளருக்காகக் காத்திருக்கிறேன்.